மேஜையில் கிடைத்த சீட்டு

பழைய மேஜை வாங்கிய நம் சங்க அன்பர் ஒருவர், அதன் இழுப்பறையில் கிடைத்த சீட்டொன்றைக் கொணர்ந்தார். பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள். பிட்காயின் பணப்பையொன்றின் மீட்புச் சொற்கள். காசோலைக்குக் கையொப்பம் வேண்டும். இதற்கோ சொற்களை அறிந்த எவரும் பணத்தை எடுத்துவிடலாம்.

“எவ்வளவு இருக்கிறதென்று பார்ப்போமா?” என்றார். வேண்டாமென்றோம். கணினியில் இட்டாலும், படமெடுத்தாலும் இரகசியம் கசியக்கூடும். மேலும், பொருளைக் கண்டெடுத்தவரைக் காப்பாளராகவே கருதுகிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆம் பிரிவு.

சீட்டை உறையிலிட்டு ஒட்டி, மேஜை விற்ற கடைக்காரர் வழியே உடையவரைத் தேடினோம். சீட்டின் அளவையும் மையின் நிறத்தையும் அவரே சொன்ன பின்னர்தான் உறை கைமாறியது. அத்துடன், “நாங்கள் சொற்களைக் கண்டுவிட்டோம், நாணயங்களை இன்றே புதிய பணப்பைக்கு மாற்றிவிடுங்கள்” என்றும் சொன்னோம். நம்மை அவர் ஐயுறவில்லையாம்! ஆயினும் அவர் மாற்றி முடிக்கும்வரை நாம் எழுந்திருக்கவில்லை.