கிராங்க் சென்சாரை மாற்றுமுன் இடைவெளியை அளந்து பாருங்கள்

லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் வீராணம் ஏரிப் பாசன வயல்களில் சம்பா அறுவடை தை, மாசி மாதங்களில் நடக்கிறது. அரிவாள் பிடித்து அறுக்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டதால், அறுவடை இயந்திரம் எப்போது வரும் என்று வரப்பில் காத்திருப்பதே வழக்கமாகிவிட்டது. பெரிய நிலக்காரர் வயல் முடிந்த பிறகுதான் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு முறை வரும். அந்தச் சமயம் பார்த்து இயந்திரம் நின்றுவிட்டால் கஷ்டம் கடைசியில் இருப்பவருக்கே. கதிர் முற்றி மணி உதிரும். மழை பெய்தால் பயிர் சாயும். கொள்முதல் நிலையத்தில் பொதுவாக 17 சதவீத ஈரப்பதம் வரைதான் ஏற்பார்கள். நெல் வயலில் முன்கூட்டியே உளுந்து தெளித்திருந்தாலோ, தாமதமாக வரும் செயின் வண்டி முளைத்து நிற்கும் உளுந்தை நசுக்கிவிடும்.

இயந்திரம் நிற்பதற்குக் காரணங்கள் பல. அவற்றில் புதிதாகச் சேர்ந்திருப்பது கிராங்க் சென்சார். பழைய டீசல் இஞ்சினில் பல் சக்கரங்களே பம்பைச் சுழற்றி, உரிய நேரத்தில் டீசலைப் பீய்ச்சச் செய்தன. மின்சாரத்துக்கு அங்கே வேலை இல்லை. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி 2023 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கேற்ப வந்த வண்டிகளில் பெரும்பாலும் காமன் ரெயில் முறை இருக்கிறது. இதில் டீசலை எப்போது, எவ்வளவு பீய்ச்சுவது என்பதை ஒரு மின்னணுப் பெட்டி முடிவு செய்கிறது. கிராங்க் ஷாஃப்ட் எந்த நிலையில் சுழல்கிறது என்று அந்தப் பெட்டிக்குச் சொல்வது இந்தச் சென்சார்தான். அது வாய் மூடினால் ஸ்டார்ட்டர் எவ்வளவு சுற்றினாலும் இஞ்சின் பிடிக்காது.

சென்சாருக்குள் இருப்பது ஒரு காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச் சுருளும். (வேறு வகைச் சென்சாரும் உண்டு, அதற்கும் இடைவெளி முக்கியம்.) இதன் முனைக்கு எதிரே, கிராங்க் ஷாஃப்ட்டோடு சேர்ந்து ஒரு பல் சக்கரம் சுழலும். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது சுருளில் சிறு மின் அழுத்தம் எழும். சக்கரத்தில் ஓரிடத்தில் மட்டும் ஒன்றிரண்டு பல் இல்லாமல் விட்டிருப்பார்கள். அந்த வெற்றிடத்தைக் கொண்டுதான் பெட்டி நிலையைக் கணக்கிடுகிறது. முனைக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி பல இஞ்சின்களில் 0.5 முதல் 1.5 மி.மீ. வரைதான். அது கூடினால் மின் அழுத்தம் வேகமாகக் குறையும். ஸ்டார்ட் செய்யும்போது இஞ்சின் மெதுவாகச் சுற்றுவதால் அப்போது கிடைக்கும் அழுத்தமே சொற்பம். ஆகவே கோளாறு முதலில் ஸ்டார்ட்டில்தான் தெரியும். பாட்டரி தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறி காணும் என்பதால் பாட்டரியை முதலில் பார்ப்பது நல்லது. இடைவெளி மிகக் குறைந்தாலும் ஆபத்து. பல் உரசி முனை உடைந்துபோகும்.

வயலில் நடப்பது என்ன? வண்டி நின்றதும், "சென்சார் போய்விட்டது" என்று புதியது வாங்கிவரச் சொல்கிறார்கள். அது வர இரண்டு நாளாகலாம். புதியதைப் பழைய துருவின் மேலேயே வைத்து முடுக்கினால் கோளாறு அப்படியே இருக்கும். மெக்கானிக்கைக் குறை சொல்வது நியாயமல்ல. டேப்பட் இடைவெளியைப் பீலர் கேஜ் வைத்துச் சரிபார்ப்பவர் அவரேதான். சென்சாருக்கு எவ்வளவு என்று அவருக்கு எவரும் சொல்லித் தரவில்லை. வண்டியோடு வரும் கையேட்டில் எண்ணெய் மாற்றும் விவரம் பக்கம் பக்கமாக இருக்கிறது. இந்த அளவு பெரும்பாலும் இருப்பதில்லை.

செய்ய வேண்டியதைச் சொல்வோம். பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுச் சென்சாரை வெளியே எடுக்கவும். முனையில் காந்தத்தால் இழுக்கப்பட்ட இரும்புத்தூள் மீசைபோல ஒட்டியிருக்கும். அதைத் துணியால் துடைக்க வேண்டும். பொருந்தும் இடத்தில் உள்ள துருவையும் சேற்றையும் நீக்க வேண்டும். பல சென்சார்களில் திருகித் திருத்த வழியில்லை. போல்ட் போட்டால் இடைவெளி தானாக அமைய வேண்டும். அப்படியிருக்க, அடியில் கூடுதல் வாஷர் இருந்தாலும் நீளம் வேறான மாற்றுச் சென்சார் போட்டிருந்தாலும் அளவு கெடும். லேத் பட்டறையில் இருக்கும் வெர்னியரால் இதைச் சோதிக்கலாம். பொருந்தும் முகத்திலிருந்து பல்லின் உச்சிவரை 31 மி.மீ., சென்சாரின் நீட்டம் 30 மி.மீ. என்றால் இடைவெளி 1 மி.மீ.

மரை போட்டுத் திருகும் வகையானால், முனை பல்லைத் தொடும் வரை மெதுவாகத் திருகிப் பிறகு பின்வாங்க வேண்டும். மரை ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. நகருமானால் அரைச் சுற்று 0.75 மி.மீ. ஆகும். தொட்டது பல்லின் உச்சியைத்தானா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். இரு பற்களுக்கு நடுப்பள்ளத்திலோ பல் இல்லாத இடத்திலோ அளந்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் முதல் சுற்றிலேயே சென்சார் முறியும். பீலர் கேஜ் வைத்து அளப்பவர் பித்தளைத் தகடு வைத்திருப்பது நல்லது. எஃகுத் தகட்டைக் காந்தம் இழுக்கும். முடிந்ததும் இஞ்சினைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, உரசல் இல்லை என்று அறிந்த பிறகே சாவியைத் தொட வேண்டும்.

வாடகை மையங்களும் வேளாண்மைப் பொறியியல் துறையும் தங்கள் வண்டிகளின் மூடியின் உட்புறத்தில் அந்த இஞ்சினுக்குரிய அளவைத் தமிழில் பெயிண்டால் எழுதி வைத்தால் என்ன? செலவு ஒரு டப்பா பெயிண்ட். விருத்தாசலம் வேளாண்மை அறிவியல் நிலையத்தில் ஓட்டுநர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடத்தினால் சம்பா அறுவடைக்கு முன்பே இந்த வட்டாரத்துக்குப் பயன் கிட்டும். வாடகைக்கு வண்டி பேசும் விவசாயிகளும், பீலர் கேஜ் வண்டியில் இருக்கிறதா என்று கேட்டே பேசலாம். மணிக்கணக்கில் பணம் கொடுப்பவருக்கு அந்த உரிமை உண்டு.

சொந்தமாகப் பெட்ரோல் களைக்கருவியோ தெளிப்பானோ வைத்திருப்பவருக்கும் இதே பாடம் உண்டு. அதில் பிளைவீல் காந்தத்துக்கும் தீப்பொறிச் சுருளுக்கும் இடையே பெரும்பாலும் 0.3 முதல் 0.4 மி.மீ. இடைவெளி இருக்கும். பீலர் கேஜ் இல்லாவிட்டால், ஏறத்தாழ அதே கனமுள்ள விசிட்டிங் கார்டு ஒன்றை நடுவில் வைத்து, சுருளைக் காந்தத்தோடு ஒட்டவிட்டு, திருகுகளை இறுக்கி, கார்டை உருவிவிட்டால் போதும்.