படையதிகாரிகளின் பதவியுயர்வும் பொறுப்புக்கூறலும்

இலங்கைக் கடற்படையின் வரலாற்றில் முதன்முறையாக 'அட்மிரல் ஒப் த பிளீட்' என்ற ஐந்து நட்சத்திரப் பதவி நிலை, 2019 செப்டெம்பர் மாதத்தில் ஓய்வுபெற்ற கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொடவுக்கு அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவினால் வழங்கப்பட்டது. அவ்வேளையில் முன்னாள் விமானப்படைத் தளபதி ரொஷான் குணதிலக்கவும் 'மார்ஷல் ஒப் த எயார் போர்ஸ்' என்ற நிலைக்கு உயர்த்தப்பட்டார். யுத்தத்தில் ஆற்றிய பங்களிப்புக்கான கௌரவம் என்பதே இதற்கு அரசாங்கம் கூறிய காரணமாகும்.

ஆனால் அதே ஆண்டு பெப்ரவரி மாதத்தில், 2008 - 2009 காலப்பகுதியில் கொழும்பிலும் அதனை அண்டிய பகுதிகளிலும் 11 பேர் கடத்தப்பட்டுக் காணாமலாக்கப்பட்ட வழக்கில், கரன்னாகொட 14 ஆவது சந்தேக நபராகப் பெயர் குறிப்பிடப்பட்டிருந்தார். பாதிக்கப்பட்டவர்களுள் தமிழ் இளைஞர்களும் இருந்தனர். முஸ்லிம் இளைஞர்களும் இருந்தனர். கப்பம் பெறும் நோக்கில் கடத்தப்பட்ட இவர்கள் கொழும்பிலுள்ள கடற்படைத் தலைமையகத்திலும் பின்னர் திருகோணமலைக் கடற்படைத் தளத்திலும் தடுத்து வைக்கப்பட்டிருந்தனர் என்பதே குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் விசாரணையில் வெளிவந்த தகவலாகும். சந்தேக நபர் எனப் பெயரிடப்பட்டு ஏழு மாதங்கள் கடந்த நிலையில், நாட்டின் கடற்படை வரலாற்றில் எவருக்கும் கிட்டாத பதவி நிலை அவருக்குக் கிட்டியது.

இவ்விடத்தில் ஒரு விடயத்தைக் கூறாமல் விடுவது நேர்மையாகாது. இவ்விவகாரம் பொலிஸாரிடம் சென்றதே 2009 மே மாதத்தில் கரன்னாகொட தமது சொந்தப் பாதுகாப்பு அதிகாரி ஒருவருக்கு எதிராகச் செய்த முறைப்பாட்டின் மூலமே ஆகும். தம்மீதான குற்றச்சாட்டுக்களை அவர் மறுத்து வந்துள்ளார். 2021 இல் அவருக்கு எதிரான குற்றச்சாட்டுக்களைத் தொடர்வதில்லை எனச் சட்டமா அதிபர் தீர்மானித்தார். அவர் குற்றவாளியா நிரபராதியா என்று தீர்ப்புக் கூறுவது பத்திரிகையின் வேலையன்று. வழக்கு நீதிமன்றத்தில் இருக்கும்போதே அரச தலைவர் ஒருவர் நாட்டின் அதியுயர் படைத்தரத்தைச் சந்தேக நபரின் தோளில் சூட்டும்போது, அதனைப் பார்க்கின்ற புலனாய்வு அதிகாரிக்கும் அரச சட்டத்தரணிக்கும் சாட்சிக்கும் எத்தகைய செய்தி சென்றடைகிறது என்பதே நம்முன்னுள்ள கேள்வியாகும்.

பதவியுயர்வு, தரக்குறைப்பு, பணி மாற்றம் ஆகியன படைகளின் உள்வீட்டு விவகாரம் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. யார் பிரிகேடியர், யார் மேஜர் ஜெனரல் என்பதில் வவுனியாவிலோ காத்தான்குடியிலோ உள்ள ஒரு குடும்பத்துக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். ஆனால் இந்த நாட்டில் படைத்தரம் என்பது சேவை மூப்புக்கும் திறமைக்கும் கிடைக்கும் அடையாளம் என்ற எல்லையைக் கடந்து பல காலமாகிவிட்டது. அது அரசியல் தலைமை கொடுக்கவும் பறிக்கவும் கூடிய ஒரு நாணயமாக மாறியிருக்கிறது.

இதற்குச் சரத் பொன்சேகாவின் கதையை விடச் சிறந்த உதாரணம் தேட வேண்டியதில்லை. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிவுற்றதும் இராணுவத் தளபதியாக இருந்த அவர் ஜெனரல் தரத்துக்கு உயர்த்தப்பட்டார். சில வாரங்களிலேயே கூட்டுப் படைகளின் தலைமை அதிகாரியாக நியமிக்கப்பட்டார். பெயரளவில் அது உயர்வு. நடைமுறையில் துருப்புக்கள் மீதான கட்டளை அதிகாரம் அவரிடமிருந்து அகற்றப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அவர் பதவி விலகினார். 2010 ஜனவரி ஜனாதிபதித் தேர்தலில் மஹிந்த ராஜபக்ஷவிடம் தோல்வியுற்றார், பெப்ரவரியில் கைதானார். ஆகஸ்டில், சேவையில் இருந்தபோதே அரசியலில் ஈடுபட்டார் என்ற குற்றச்சாட்டில் இராணுவ நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டது. தரம், பதக்கங்கள், ஓய்வூதியம் ஆகிய அனைத்தும் பறிக்கப்பட்டன. அடுத்த மாதமே இராணுவக் கொள்வனவு தொடர்பான மற்றுமொரு தீர்ப்பில் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, பாராளுமன்ற ஆசனத்தையும் இழந்தார்.

2015 ஜனவரியில் ஆட்சி மாறியது. அதே மாதத்தில் அவரது தரமும் பதக்கங்களும் மீள வழங்கப்பட்டன. மார்ச் மாதத்தில் அவர் நாட்டின் முதலாவது பீல்ட் மார்ஷல் ஆனார். ஐந்து ஆண்டுகளுக்குள் ஒரே மனிதர் ஜெனரலாகவும், எந்தத் தரமும் அற்ற கைதியாகவும், மீண்டும் ஜெனரலாகவும், இறுதியில் பீல்ட் மார்ஷலாகவும் இருந்திருக்கிறார். இடைப்பட்ட காலத்தில் அவரது போர்க்களச் சாதனைகளிலோ தவறுகளிலோ எந்த மாற்றமும் நிகழவில்லை. அலரி மாளிகையிலும் ஜனாதிபதிச் செயலகத்திலும் இருந்தவர்கள் மாறினார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கதையில் நமது மக்களுக்கும் ஒரு பங்குண்டு. இந்த நாடு சிங்களவருக்கே உரியது என்ற கருத்தை 2008 இல் கனேடியப் பத்திரிகையொன்றுக்கு அளித்த செவ்வியில் வெளியிட்டவர் பொன்சேகா. பதினாறு மாதங்களின் பின்னர் நடைபெற்ற தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அவரை ஆதரித்தது. யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, திருகோணமலை, திகாமடுல்ல, நுவரெலியா ஆகிய ஆறு தேர்தல் மாவட்டங்களில் அவரே முன்னிலை பெற்றார். யாழ். மாவட்டத்தில் வாக்களித்தோர் தொகை மிகக் குறைவு என்பது வேறு விடயம். ஆட்சியிலிருந்தவர்கள் மீதான வெறுப்பு, போரை நடத்திய தளபதிக்கே வாக்களிக்கும் நிலைக்குத் தமிழ், முஸ்லிம் மக்களைத் தள்ளியது. அதனால் அவர்கள் பெற்ற பயன் எதுவுமில்லை. 2010 இல் 41 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகளைப் பெற்ற அவர், 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஏறத்தாழ 22 ஆயிரம் வாக்குகளையே பெற்றார். பீல்ட் மார்ஷல் தரம் வாக்குகளாக மாறவில்லை.

எப்போதும் இப்படித்தான் இருந்ததா என்றால், இல்லை. இலங்கை இராணுவத்துக்குத் தலைமை தாங்கிய முதலாவது இலங்கையர் ஒரு தமிழர். அன்ரன் முத்துக்குமாரு தொழிலால் சட்டத்தரணி. தொண்டர் படையில் அதிகாரியாகச் சேவையாற்றி, 1949 இல் நிரந்தர இராணுவம் உருவாக்கப்பட்டபோது அதில் இணைந்து, 1955 இல் தளபதியானவர். தொழிலையும் படைப்பிரிவையும் இடைவழியில் மாற்றிக்கொண்ட ஒருவர் தகுதியின் அடிப்படையில் உச்சிக்கு வர முடிந்த காலம் அது. 1960 தொடக்கம் 1970 வரை கடற்படைக்குத் தலைமை தாங்கிய ராஜன் கதிர்காமரும் தமிழரே. 1956 இன் பின்னரான மொழிக்கொள்கையும், 1962 இல் முறியடிக்கப்பட்ட சதிப்புரட்சி முயற்சியும் இந்நிலையை மாற்றின. அச்சதியில் ஈடுபட்டோரில் பெரும்பாலானோர் கிறிஸ்தவ அதிகாரிகளாக இருந்தமையால், அதன் பின்னர் அதிகாரியின் மதமும் இனமும் விசுவாசத்தின் அளவுகோல்களாயின. தளபதிப் பதவி அரசியல் நம்பிக்கைக்குரியவருக்கே என்ற எழுதப்படாத விதி அப்போதுதான் வேரூன்றியது.

யுத்தத்தின் பின்னர் இதற்குப் புதிய வடிவமொன்று கிடைத்தது. தரைப்படையிலிருந்து கடற்படைக்கு மாறுவது போன்ற சேவை மாற்றம் இங்கு அபூர்வம். ஆனால் சீருடையிலிருந்து சிவில் நிர்வாகத்துக்கு மாறுவது வழமையாகிவிட்டது. யாழ். பாதுகாப்புப் படைத் தளபதியாக இருந்த மேஜர் ஜெனரல் ஜி.ஏ. சந்திரசிறி 2009 இல் வடமாகாண ஆளுநரானார். 2015 வரை பதவி வகித்தார். கிழக்கில் ரியர் அட்மிரல் மொஹான் விஜேவிக்ரம 2006 முதல் 2015 வரை ஆளுநராக இருந்தார். 2013 இல் மக்களால் தெரிவு செய்யப்பட்ட வடமாகாண சபை, சிவில் ஆளுநர் ஒருவரை நியமிக்குமாறு விடுத்த கோரிக்கை செவிமடுக்கப்படவில்லை. 2014 இல் அதே ஆளுநரே மீண்டும் நியமிக்கப்பட்டார். அடையாள அட்டையைக் காட்டி வீதித்தடையைக் கடந்த மக்கள், அதே தளபதியின் செயலகத்துக்கே ஆசிரிய இடமாற்ற விண்ணப்பத்தையும் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது.

1991 இல் லெப்டினன்ட் கேணல் தரத்தில் இராணுவத்தை விட்டு விலகி, 2005 இல் பாதுகாப்புச் செயலாளராகித் தமக்கு மூத்த ஜெனரல்களுக்குக் கட்டளையிட்ட கோத்தாபய ராஜபக்ஷ, 2019 இல் ஜனாதிபதியானதும் இப்போக்கு உச்சம் கண்டது. சுகாதாரம், விவசாயம் ஆகிய அமைச்சுக்களின் செயலாளர் பதவிகளும், சுங்கத் திணைக்களமும், துறைமுக அதிகார சபையும் படையதிகாரிகளின் கைகளுக்குச் சென்றன. மேஜர் ஜெனரலாக ஓய்வுபெற்றுப் பாதுகாப்புச் செயலாளராக இருந்த கமல் குணரத்ன, 2020 டிசெம்பரில் இடையிலுள்ள லெப்டினன்ட் ஜெனரல் தரத்தைத் தாண்டி நேரடியாக ஜெனரலாக உயர்த்தப்பட்டார். ஓய்வுபெற்றவருக்கும் பதவியுயர்வு! இராணுவத் தளபதி சவேந்திர சில்வாவும் அப்போதே ஜெனரலானார். அவருக்கும் அவரது குடும்பத்தினருக்கும் அமெரிக்கா பயணத் தடை விதித்து அப்போது ஓராண்டு கூட நிறைவடையவில்லை.

சிறுபான்மை மக்கள் இதன் விளைவுகளை நேரடியாகவே உணர்ந்தனர். கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளை நிர்வகிக்க 2020 ஜூனில் அமைக்கப்பட்ட ஜனாதிபதிச் செயலணிக்குத் தலைவர் அதே கமல் குணரத்ன. தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அச்செயலணி நியமிக்கப்பட்டபோது அதில் ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இருக்கவில்லை. கொவிட் தொற்றுக் காலத்தில் தேசிய செயற்பாட்டு மையத்துக்கு இராணுவத் தளபதி தலைமை தாங்கினார். ஜனாஸாக்களைக் கட்டாயமாக எரிக்கும் உத்தரவு சுகாதார அமைச்சின் வர்த்தமானியில்தான் வெளியானது. ஆயினும் தொற்று நிர்வாகம் முழுவதும் இராணுவக் கட்டளை முறையில் இயங்கிய சூழலில், உலக சுகாதார ஸ்தாபனம் அடக்கம் செய்யலாம் எனக் கூறிய பின்னரும் 2021 பெப்ரவரி வரை அந்த உத்தரவை மாற்ற எவரும் முன்வரவில்லை. ஈற்றில் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய அனுமதிக்கப்பட்டபோதும் அப்பணி இராணுவத்தின் மேற்பார்வையிலேயே நடைபெற்றது.

இராஜதந்திர சேவையும் இதற்கு விதிவிலக்கன்று. இறுதி யுத்தத்தில் 58 ஆவது படையணிக்குக் கட்டளையிட்ட சவேந்திர சில்வா 2010 இல் நியூயோர்க்கில் ஐ.நா.வுக்கான பிரதி நிரந்தரப் பிரதிநிதியானார். 57 ஆவது படையணியின் ஜகத் டயஸ் ஜேர்மனியில் பிரதித் தூதுவரானார். பிரேசிலில் தூதுவராக இருந்த முன்னாள் இராணுவத் தளபதி ஜகத் ஜயசூரியவுக்கு எதிராக 2017 இல் தென்னமெரிக்க நாடுகளில் முறைப்பாடுகள் தாக்கல் செய்யப்பட்டன. இராஜதந்திரப் பதவி சிறப்புரிமையைத் தரும் என்பது இந்த நியமனங்களில் கவனிக்கப்படாத விடயமாக இருந்திருக்க முடியாது.

2015 ஒக்டோபரில் ஜெனீவாவில் நிறைவேற்றப்பட்ட 30/1 தீர்மானத்துக்கு இலங்கை இணை அனுசரணை வழங்கியது. மனித உரிமை மீறல்களில் நம்பத்தகுந்த முறையில் சம்பந்தப்பட்டவர்கள் படைகளில் தொடர்ந்து இருப்பதைத் தடுக்கும் நிர்வாக நடைமுறை ஒன்று தேவை என்பதை அத்தீர்மானம் வலியுறுத்தியது. அதற்கு இணை அனுசரணை வழங்கிய அரசின் தலைவராக இருந்த அதே ஜனாதிபதியே 2019 இல் சவேந்திர சில்வாவை இராணுவத் தளபதியாக்கியவரும், கரன்னாகொடவுக்கு ஐந்து நட்சத்திரங்களைச் சூட்டியவரும் ஆவார். 2025 மார்ச்சில் பிரித்தானியா தடை விதித்த நால்வரில் சவேந்திர சில்வா, கரன்னாகொட, ஜகத் ஜயசூரிய ஆகிய மூவரும் அடங்குகின்றனர். நான்காமவர் அரச படையின் அதிகாரியல்லர். புலிகளின் கிழக்குத் தளபதியாக இருந்து 2004 இல் பிரிந்து, பின்னர் அரசாங்கத்தில் பிரதி அமைச்சராகிய விநாயகமூர்த்தி முரளிதரன் என்ற கருணா. சேவை மாறியவர்களின் பட்டியலில் அவரையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 1990 இல் கிழக்கில் முஸ்லிம்களும் சரணடைந்த பொலிஸாரும் கொல்லப்பட்ட சம்பவங்கள் குறித்து அவரிடம் கேட்கப்பட வேண்டிய கேள்விகள், அமைச்சுப் பதவியால் மூடப்பட்டன. தமிழ்த் தரப்பும் அக்கேள்விகளை உரத்துக் கேட்டதில்லை.

2024 இல் ஆட்சிக்கு வந்த தேசிய மக்கள் சக்தியின் காலத்தில் சில மாற்றங்கள் தென்படவே செய்கின்றன. வடமாகாண ஆளுநராக முன்னாள் அரசாங்க அதிபர் நா. வேதநாயகன் நியமிக்கப்பட்டார். 2025 ஜூலையில், 2010 இல் இளைஞர் ஒருவர் காணாமலாக்கப்பட்டமை தொடர்பாக முன்னாள் கடற்படைத் தளபதி நிஷாந்த உலுகேதென்ன கைது செய்யப்பட்டார். ஆனால் பிரித்தானியாவின் தடையை ஒருதலைப்பட்சமான நடவடிக்கை என்றே இந்த அரசாங்கமும் வர்ணித்தது.

ஆட்களின் மாற்றத்தை விட விதிகளின் மாற்றமே முக்கியம். எழுதுவினைஞர் ஒருவர் மீது பாரிய குற்றச்சாட்டுச் சுமத்தப்பட்டால் தாபன விதிக்கோவையின் கீழ் அவர் பணி இடைநிறுத்தம் செய்யப்படுகிறார். சம்பள உயர்வு நின்றுபோகிறது. காணாமலாக்கப்பட்டோர் வழக்கில் பிரதான சந்தேக நபருக்கு உதவியதாக 2018 நவம்பரில் கைதான அட்மிரல் ரவீந்திர விஜேகுணரத்ன, பிணையில் வந்த பின்னர் 2019 டிசெம்பர் வரை பாதுகாப்புப் படைகளின் பிரதானியாகவே நீடித்தார். பிரதம நீதியரசர், சட்டமா அதிபர், பொலிஸ் மா அதிபர் நியமனங்களுக்கு அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும். முப்படைத் தளபதிகளுக்கு அது வேண்டியதில்லை. 17, 19, 21 ஆகிய மூன்று திருத்தங்களும் இவ்விடயத்தைத் தொடாமலே விட்டுவிட்டன.

தளபதிகளின் நியமனத்தைப் பேரவையின் கீழ்க் கொண்டுவர அரசியலமைப்புத் திருத்தம் அவசியம். பாரதூரமான குற்றச்சாட்டை எதிர்நோக்கும் அதிகாரிக்கு வழக்கு முடியும் வரை தரவுயர்வோ இராஜதந்திரப் பதவியோ வழங்கக் கூடாது என்று ஒரு விதியைக் கொண்டுவர, இராணுவ, கடற்படை, விமானப்படைச் சட்டங்களைச் சாதாரணப் பெரும்பான்மையால் திருத்தினாலே போதும். 2024 நவம்பர் தேர்தலில் 225 இல் 159 ஆசனங்களைப் பெற்ற அரசாங்கத்திடம் இவ்விரண்டுக்கும் தேவையான எண்ணிக்கை இருக்கிறது.