ரெக்கார்டு நோட்டு இன்ஜினீயர்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகன் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம். சிதம்பரம் பக்கம் ஒரு கல்லூரி. தினமும் பஸ்ஸில் சிப்காட் கெமிக்கல் நெடியைத் தாண்டி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகப் போய் வருகிறான். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகத் தரையில் கவிழ்ந்து படுத்து எதையோ எழுதிக்கொண்டிருந்தான். பார்த்தால், ரெக்கார்டு நோட்டு.

இன்ஜினீயரிங் படித்தவர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோடு போட்ட பக்கத்தில் எய்ம், அல்காரிதம், ப்ரோக்ராம். எதிரே கோடு போடாத பக்கத்தில் அவுட்புட். கடைசியில் ரிசல்ட் என்று எழுதி, 'ப்ரோக்ராம் வெற்றிகரமாக இயங்கியது, விடை சரிபார்க்கப்பட்டது' என்று இங்கிலீஷில் ஒரு வரி. அத்தனையும் போன வருஷத்து சீனியர் நோட்டைப் பார்த்து.

"ஓடிச்சாடா?"

"எது மாமா?"

"ப்ரோக்ராம்!"

"ரெக்கார்டு முடிச்சாத்தான் லேபுக்குள்ளயே விடுவாங்க. அப்புறம்தான் ஓட்டிப் பாக்கறது."

அதாவது, ஓட்டுவதற்கு முன்பே ஓடிவிட்டதாக எழுத வேண்டும். அதற்கு ஒருவர் சிவப்பு மையில் கையெழுத்தும் போடுவார். நாலு வருஷம் இப்படிப் பழக்கிவிட்டு, கடைசி வருஷத்தில் 'பிள்ளைகளுக்குக் கோடிங் வரமாட்டேங்குது' என்று உதட்டைப் பிதுக்குகிறோம். ஊரைக் குறை சொல்லாதீர்கள். 1929-லேயே பல்கலைக்கழகம் கண்ட ஊர் சிதம்பரம். நோய் ஊரில் இல்லை, நோட்டில் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் இன்டர்வியூ பயிற்சி வியாபாரிகள் உள்ளே வருகிறார்கள். அக்கா கட்டியது 18,000 ரூபாய். அத்தானுக்குப் பண்ருட்டிப் பக்கம் கொஞ்சம் முந்திரித் தோப்பு உண்டு. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் சாய்த்தது போக மிச்சம் இருப்பதில் பாதி, பையன் படிப்புக்காக அடகில். 'மரத்தை நம்பினது போதும், இவன் கம்ப்யூட்டரை நம்பட்டும்' என்பது அத்தான் கட்சி.

அந்தப் பணத்துக்கு என்ன கிடைத்தது? பாலத்தைக் கடக்கும் ரயிலின் வேகம் என்ன மாதிரி கணக்குகள். 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்றால் ஒப்பிப்பதற்கு ஒரு பாரா. வகுப்பில் அறுபது பேருக்கும் அதே பாரா, பெயர் மட்டும் வேறு. அப்புறம் கம்பெனிகளில் 'அடிக்கடி கேட்கப்படும்' நூறு ப்ரோக்ராம்கள், விடையோடு. இதற்குப் பெயர் பயிற்சியா? இன்னொரு ரெக்கார்டு நோட்டு, அவ்வளவுதான்.

பையனைச் சோதித்தேன். பாலிண்ட்ரோம், அதாவது திருப்பிப் படித்தாலும் அதே சொல்தானா என்று கண்டுபிடிக்கும் ப்ரோக்ராம் எழுதச் சொன்னேன். ரெண்டே நிமிஷம். பைத்தானில் பொரிந்து தள்ளிவிட்டான். "மேடம், லெவல், எல்லாம் கரெக்டா வருது பாருங்க."

"விகடகவி போடு."

போட்டான். இல்லை என்றது கம்ப்யூட்டர்.

முழித்தான். மறுபடி அடித்தான். மறுபடி இல்லை. மாலைமாற்று என்று ஒரு பதிகத்தையே இப்படித் திருப்பிப் படிக்கிற மாதிரி பாடியவர் ஞானசம்பந்தர். அவர் ஊர் சீர்காழி, சிதம்பரத்திலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் வந்துவிடும். இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு விகடகவி உதைக்கிறது! "மாமா, இது சிலபஸ்ல இல்ல" என்றான்.

விஷயம் இதுதான். நாம் 'வி' என்று ஒரே எழுத்தாகப் பார்ப்பதை யுனிகோடு இரண்டாக வைத்திருக்கிறது. 'வ' தனி, மேலே வளையும் கொக்கி தனி. நமக்கு ஐந்து எழுத்து, அதற்கு ஏழு. அப்படியே திருப்பினால் கொக்கி முன்னால் வந்து நிற்கும், வார்த்தை கெட்டுவிடும். இதை நான் சொல்லவில்லை. சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவனே ஒவ்வொன்றாகப் பிரித்து, அச்சடித்துப் பார்த்துக் கண்டுபிடித்தான். கொக்கி, கொம்பு, புள்ளி எது வந்தாலும் முந்தைய எழுத்தோடு ஒட்டி வைத்துவிட்டு அப்புறம் திருப்ப வேண்டும் என்று ராத்திரி பதினொன்றரைக்கு எழுதி முடித்தான். விகடகவி பாஸ். 'தேருவருதே'வும் பாஸ். பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இவனுக்கா கோடிங் வராது?

கம்பெனிகளும் யோக்கியம் இல்லை. மூளையைக் கசக்கும் புதிர்க் கேள்விகளால் ஆளைத் தேர்ந்தெடுப்பது வெறும் கால விரயம் என்று கூகுளின் ஆள்சேர்ப்புத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக்கே 2013-ல் ஒப்புக்கொண்டார். இங்கே இன்னும் புதிர்தான். இன்ஃபோசிஸ் 2022-ல் ஆஃபர் கொடுத்த பலரை 2024 வரை காத்திருக்க வைத்தது. 2025 பிப்ரவரியில், உள்தேர்வில் மூன்று முறையும் தேறவில்லை என்று முந்நூறுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை மைசூரிலிருந்து வீட்டுக்கு அனுப்பியது. தேர்வு வைக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ரெண்டு வருஷக் காத்திருப்புக்கு யார் மார்க் போடுவது?

ஸோஹோவைப் புகழாத பத்திரிகை இல்லை, நானும் சேர வேண்டாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் அங்கே ஒரு சுற்றில் ரயில்வே ரிசர்வேஷன் மாதிரி ஒரு சமாச்சாரத்தைக் கொடுத்து, உட்கார்ந்து எழுது என்று விடுவார்களாம். போய்வந்த பிள்ளைகள் சொல்வது. வெயிட்டிங் லிஸ்ட், ஆர்ஏசி எல்லாம் நம் பிள்ளைகளுக்குப் பழகிய விஷயம். பழகியதை ப்ரோக்ராமாக யோசிக்கத்தான் யாரும் கற்றுத் தரவில்லை. பண்ருட்டி மண்டியில் முந்திரி எடைக்கணக்கு, கடலூர் துறைமுகத்தில் மீன் ஏலக்கணக்கு, எழுத எவ்வளவு இருக்கிறது! காசு கட்டி மனப்பாடம் செய்த நூறு ப்ரோக்ராமையோ, 2022 நவம்பரில் வந்த சாட்ஜிபிடி நொடியில் கொட்டிவிடுகிறது. அதற்குத்தான் 18,000.

போன வாரம் பையன் போன் செய்தான். விகடகவி ப்ரோக்ராமை ரெக்கார்டில் கடைசியாகச் சேர்த்திருக்கிறான். இந்தத் தடவை நிஜமாகவே ஓட்டிப் பார்த்து, வந்த அவுட்புட்டையே எழுதியிருக்கிறான்.

"சார் என்ன சொன்னார்?"

"லிஸ்ட்ல இல்லாத எக்ஸ்பெரிமென்ட்டுக்கு சைன் போட முடியாதுன்னுட்டார் மாமா. அந்தப் பக்கத்தைக் கிழிச்சிட்டு வரச் சொல்லியிருக்கார்."