வாசலை அடைத்தனர்! கொல்லைப்புறம்?

பத்து ரூபாய்க்கு ஒரு லைட்டர்! கண்ணாடி போன்ற மேனி, கண்ணைப் பறிக்கும் வண்ணம், கட்டைவிரல் பட்டால் கனல்! தீர்ந்ததும் தெருவிலே போய் விழுகிறது. இப்படி ஒரு லைட்டர் விற்றால் இருபது தீப்பெட்டிகளின் விற்பனை போகிறது என்று, 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனுக்கு எழுதிய கடிதத்திலே எடுத்துக்காட்டினார்.

"மலிவாகக் கிடைத்தால் மக்களுக்கு இலாபந்தானே, தடுப்பானேன்?" என்று கேட்கின்றனர் பொருளாதாரப் பண்டிதர்கள். கணக்குப் போட்டே பார்ப்போம். 14 ஆண்டுகள் ஒரே ரூபாயில் நின்ற தீப்பெட்டி, 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயாயிற்று. இருபது பெட்டிக்கு நாற்பது ரூபாய்; லைட்டருக்குப் பத்து. முப்பது ரூபாய் மிச்சம். மறுக்கவில்லை நாம். ஆனால், அந்த முப்பது ரூபாய் யார் வீட்டு உலையிலிருந்து எடுக்கப்படுகிறது?

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி! வானம் பொய்த்தால் மண்ணும் கைவிடும் கரிசல் சீமை. அங்கே 'தீப்பெட்டி ஆபீசு'க்குப் போய், கட்டை அடுக்கி, பெட்டி அடைத்து, லேபிள் ஒட்டி வாழ்வோர் இலட்சத்துக்கும் அதிகம், பெரும்பாலோர் பெண்கள். "வேறு வேலைக்குப் போ" என்பார் பண்டிதர். எந்த வேலைக்கு, எந்த ஊரிலே என்று மட்டும் சொல்லமாட்டார்!

டில்லி சும்மா இருந்தது என்று கூறமாட்டோம். 20 ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள சிகரெட் லைட்டர்களின் இறக்குமதிக்கு 2023 ஜூன் 29 அன்று தடை விதித்தது. நல்லது, வரவேற்கிறோம். பிறகு? முழு லைட்டருக்குத்தானே தடை, உதிரிப் பாகங்களுக்கு இல்லையே! பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டிவிட்டால் அது 'உள்நாட்டுச் சரக்கு'! 2024 அக்டோபரில்தான் பாகங்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. வாசலை அடைத்தவருக்குக் கொல்லைப்புறம் நினைவுக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

இந்த வித்தை புதிதா, தோழர்களே? 1922இல் அந்நியத் தீப்பெட்டிக்கு ஒரு குரோசுக்கு ஒன்றரை ரூபாய் சுங்கவரி விதித்தனர். அந்த வரியின் நிழலிலேதான், கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தொழிலைத் துவக்கினர். ஆனால், அதே வேளையில் சுவீடன் நாட்டுக் கம்பெனியும் விம்கோ என்ற பெயரிலே இங்கேயே ஆலை கட்டி, சுவருக்கு உள்ளே வந்து அமர்ந்துகொண்டது! 1928இல் தீப்பெட்டித் தொழிலுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அந்தப் பாதுகாப்பு அவனுக்கும் கிடைத்தது. கைத்தொழிலுக்குக் கலால் வரியில் சலுகை வந்த பிறகுதான் சிறிய ஆலைகள் நிமிர முடிந்தது.

ஆலை அதிபர்களுக்கும் ஒரு சொல். பிஞ்சுக் கைகளை வேலைக்கு வைத்ததற்காக 1996இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வாங்கிய தொழில் இது. பெண்களின் பெயரைச் சொல்லிப் பாதுகாப்புக் கேட்கிறவர்கள், அந்தப் பெண்களின் கூலியிலும் வருங்கால வைப்பு நிதியிலும் கைவைக்கக் கூடாது. அங்கே சுரண்டிவிட்டு இங்கே கண்ணீர் வடித்தால் நாம் துணை வரமாட்டோம்.

இனி டில்லி செய்யவேண்டியது இதுதான். பாகங்களைக் கொண்டுவர உரிமம் பெற்றவர் யார், எவ்வளவுக்குப் பெற்றார், எந்த ஊரில் வைத்துப் பூட்டுகிறார் என்பதை ஊரறிய வெளியிடட்டும். 20 ரூபாய்ச் சரக்கென்று துறைமுகத்திலே கணக்கெழுதப்பட்டது, கடையிலே பத்து ரூபாய்க்குத் தொங்கினால், அந்தக் கணக்கை எழுதியவனை அழைத்துக் கேட்கட்டும்.