எந்தக் கடலுக்கு இந்த டோக்கன்?

61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் இந்த ஆண்டும் ராமேசுவரம் விசைப்படகுகளுக்குக் கடலுக்குப் போகும் அனுமதி டோக்கன் கொடுத்தாகிவிட்டது. கொடுத்தவர்கள் ஒருமுறையாவது கடல் வரைபடத்தை விரித்துப் பார்த்திருப்பார்களா? கரையிலிருந்து 3 கடல் மைல் நாட்டுப்படகுகளுக்கு உரியது என்கிறது 1983-ஆம் ஆண்டுத் தமிழக மீன்பிடிச் சட்டம். இலங்கையுடனான கடல் எல்லைக் கோடோ கச்சத்தீவுக்கு இந்தப் பக்கமே ஓடுகிறது. தனுஷ்கோடிப் பக்கம் இன்னும் நெருக்கம். இடையில் மிஞ்சுவது ஒரு துண்டுக் கடல். அதிலும் பாதி பாறை என்கிறார்கள் மீனவர்கள். இத்தனை நூறு விசைப்படகுகளின் இழுவைமடிகள் அதற்குள் எங்கே இறங்கும்? அந்தப் பக்கம்தான் போகும் என்பது டோக்கன் எழுதுகிறவருக்கும் தெரியும்.

அங்கே இந்த இழுவைமடிகளால் வலை அறுபடுவது நெடுந்தீவிலும் மன்னாரிலும் உள்ள தமிழ் மீனவனுக்கு. உள்நாட்டுப் போர் முடிந்து கடன் வாங்கி வலை போட்டவன் அவன். இலங்கைக் கடற்படையின் அடாவடியை நாம் ஏற்கவில்லை. அது வேறு கணக்கு.

தன் ஆளுகைக்குள் நடப்பது அண்டை நாட்டைக் கெடுக்காமல் பார்ப்பது அரசின் கடமை. கனடா உருக்காலைப் புகை அமெரிக்க வயல்களைக் கருக்கிய டிரெயில் வழக்கில் 1941-லேயே இது தீர்ப்பாயிற்று. தன் கொடியேந்திய படகுகள் பிற நாட்டுக் கடலில் சட்டத்தை மீறாமலிருக்க அரசு உரிய முயற்சி எல்லாம் எடுக்க வேண்டும் என்று 2015-இல் சர்வதேச கடல் சட்டத் தீர்ப்பாயம் கருத்துரைத்தது. டோக்கன் கொடுத்து அனுப்பிவிட்டு, பிடிபட்டதும் டெல்லிக்குக் கடிதம் எழுதுவதா அந்த முயற்சி?

மத்திய, மாநில அரசுகளின் பழைய சாதனைகளும் மறக்கக்கூடியவை அல்ல. மானியமும் கடனும் கொடுத்து இழுவைப்படகை இங்கே வளர்த்ததே அரசுதான். சேதுக் கால்வாயைத் தோண்டியபோது இலங்கையின் கவலையைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பல நூறு கோடியைக் கடலில் கரைத்துவிட்டு வேலையையும் கைவிட்டார்கள். இழுவைமடியை விரைவில் ஒழிப்போம் என்று 2016-இல் இலங்கையிடம் ஒப்புக்கொண்டார்கள். மறு ஆண்டே இழுவைப்படகுக்கு மாற்றாக ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் வந்தது: மூன்றாண்டில் 2,000 படகு, படகுக்கு ரூ.80 லட்சம், அதில் ரூ.56 லட்சம் மானியம். இன்று காலை போய் நாளை காலை கரையேறும் மீனவனை வாரக்கணக்கில் சூரை பிடிக்கப் போகச் சொன்ன புத்திசாலி யார்? மீதி ரூ.24 லட்சத்துக்கு அவன் எங்கே போவான்? திட்டம் படுத்ததில் வியப்பென்ன!

பிடிபட்டால் இலங்கைச் சிறைக்குப் போவது பங்குக்கும் கூலிக்கும் படகேறியவன். டோக்கன் கொடுத்தவர் வீட்டில் அன்றும் அடுப்பெரியும். அடுத்த டோக்கனை எழுதுமுன் இருகரை மீனவர்களையும் அழைத்துப் பேசி ஒரு வழி காணுங்கள். அது முடியாதென்றால், எல்லை தாண்டச் சொல்லி அனுப்புவதே நாங்கள்தான் என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்ளுங்கள்.