மீன் தொட்டிக்கு ஏற்ற செடிகள்

சித்தூரிலும் திருப்பதியிலும் வசிப்போர் மீன் தொட்டிக்குச் செடி தெரிந்தெடுக்கையில் முதலாவது நீரைக் கவனியுங்கள். காய்ச்சிய பாத்திரத்தில் வெண்படிவம் விடும் ஆழ்துளைக் கிணற்று நீராயின், அதில் கபோம்பா தளரும். நம் நாட்டுச் செடிகளான வாலிஸ்னேரியாவும் ஹைட்ரில்லாவும் செழிக்கும்.

கழுவிய மணலில் வாலிஸ்னேரியாவின் வேரை மட்டும் புதையுங்கள். குருத்து மேலே நிற்கட்டும். நாள்தோறும் எட்டு மணி நேர விளக்கொளி போதுமானது. நேர் வெயில் பட்டால் பாசி படரும்.

மிகுந்ததை நறுக்கி எறிகையில் எச்சரிக்கை வேண்டும். 2020-இல் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்து ஆவளப் பாண்டியில், நீர்ப்பரப்பை மூடிய இளஞ்சிவப்புப் பூக்களைக் காண மக்கள் திரண்டனர். அது மீன் தொட்டிகளில் வளர்க்கப்படும் தென் அமெரிக்கக் கபோம்பாவே. அதன் தண்டுத் துண்டு ஒன்றே புதுச் செடியாகிவிடும். அடர்ந்தால் நீரோட்டம் தடைப்படும், பிற நீர்ச்செடிகள் ஒளியின்றி நலியும்.

சித்தூர் வழியே செல்லும் நீவா நதி, பொன்னையாறாகித் தமிழகத்தில் பாலாற்றோடு சேருகிறது. இங்கே சாக்கடையில் விட்ட கொத்து, மழைக்காலத்தில் நம் சொந்த ஊர் ஏரியையும் எட்டக்கூடும். ஆகவே நறுக்கிய செடிகளை வெயிலில் முற்றிலும் உலர்த்தி, பூந்தொட்டிக்கு எருவாக இடுங்கள்.