இலவம்பஞ்சுத் தலையணையால் கழுத்து வலி வருமா?

“எங்கள் தோட்டத்து இலவ மரத்துப் பஞ்சை எடுத்து, வீட்டுக்கே தலையணை தைத்தோம். இரண்டு மாதமாகக் காலையில் எழுந்தால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. கடையில் விற்கும் ஃபோம் தலையணைக்கு மாறிவிடலாமா?”

- ஒரு வாசகி, தேனி மாவட்டம்.

மாற வேண்டியதில்லை. போடிநாயக்கனூர் பக்கம் பணப்பயிராகவே இலவம் வளர்ப்பவர்களுக்கு இது தெரியும், பஞ்சில் குற்றமில்லை. சொந்தப் பஞ்சு என்பதால் ஆசையாக அமுக்கித் திணித்துவிடுவதுதான் பெரும்பாலும் வினை. தலையணை கல்லாகி, கழுத்து இரவு முழுக்க மடங்கியே கிடக்கும்.

மல்லாந்து படுப்பவருக்குத் தாடை நெஞ்சில் அழுந்தினால் தலையணை உயரம் என்று பொருள். முகம் கூரையை நேராகப் பார்க்க வேண்டும். ஒருக்களித்துப் படுப்பவருக்குக் காதுக்கும் தோள் நுனிக்கும் இடையிலுள்ள பள்ளம் நிரம்பினால் போதும். வீட்டில் யாரையாவது பின்னால் நின்று பார்க்கச் சொல்லலாம். பிடரியும் முதுகெலும்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். தோளைத் தலையணை மேல் ஏற்றக் கூடாது. குப்புறப் படுத்தால் எந்தத் தலையணையும் உதவாது.

படுக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். பாயில் தோள் அமுங்காது. ஒருக்களித்துப் படுக்கச் சற்று உயரம் தேவை. தொய்ந்த கயிற்றுக் கட்டிலில் தோள் உள்ளே இறங்கிவிடும். அங்கே அதே தலையணை உயரமாகிவிடும். கோடையில் கட்டிலை வாசலில் போட்டுப் படுக்கிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

தலையணையின் ஒரு பக்கத் தையலைப் பிரித்து, ஒரு கைப்பிடி பஞ்சை எடுத்துவிட்டு இரண்டு இரவு படுத்துப் பார்க்கலாம். போதவில்லை என்றால் இன்னொரு கைப்பிடி. பஞ்சு பறக்கும், மூக்கில் துணி கட்டிக்கொள்வது நல்லது. எடுத்த பஞ்சைப் பையில் கட்டி வைத்தால், நாளடைவில் தலையணை அமுங்கும்போது திரும்ப நிரப்ப உதவும். இலவம்பஞ்சை நனைத்துத் துவைத்தால் கட்டி கட்டிவிடும். உறையை மட்டும் துவைத்து, தலையணையை வெயிலில் காய வைத்துத் தட்டினால் போதும். ஃபோமுக்கு அந்த வைத்தியமும் ஆகாது, வெயிலில் பொடிந்துவிடும்.

இதற்குப் பிறகும் சில வாரங்கள் வலி நீடித்தாலோ, வலி கைக்கு இறங்கி விரல் மரத்தாலோ, பிடித்த அரிவாள் நழுவினாலோ தலையணையைக் குறை சொல்லிக் கொண்டிருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கழுத்தைத் திருகிச் சொடுக்கு எடுக்க யாரையும் விடக் கூடாது.